இருபத்தெட்டு நாள் தாள்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணி,

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் சேர்த்து. பகல் முழுக்கக் கட்டம் கட்டமாக எழுதிப் பழகிய கை, கோடு போடாத தாளைக் கண்டால் தள்ளாடுகிறது. மணி பன்னிரண்டரை. பக்கத்து அறையில் யாரோ இருமுகிறார்கள். அது ஆணா பெண்ணா என்று இந்த ஆறு வாரத்தில் எனக்குத் தெரியவில்லை.

என் குட்டி மிளகு தூங்கியிருப்பாள். வலது பக்கம் ஒருக்களித்துத்தானே? அதையும் மாற்றிக்கொண்டாளா?

போன் பண்ண வேண்டாம் என்று நீங்கள் சொன்னதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் எடுத்துக்கொண்டேன், பொய் சொல்வானேன். என் குரல் கேட்டதும் போனைப் பிடுங்கி, அதன் பின்பக்கம் என்னைத் தேடி, அப்புறம் விடிய விடிய அழுகிறாள் என்றால் நீங்கள்தான் என்ன செய்வீர்கள்? காலை ஆறு மணிக்குத் தையல் மெஷினில் உட்கார வேண்டியவர். கடிதமே எழுதுவோம். உங்கள் தம்பிக்கும் இதைச் சொல்லிவிட்டேன். கப்பலில் இருப்பவருக்கு என்ன, "ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ரயிலேற்றிவிட்ட அன்று, "அந்த மனசு படிக்கிற இடத்துல உனக்கு என்னதான் வேலை?" என்று கேட்டீர்கள். நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள் என்று பயம். இதுதான் வேலை: இரண்டு அறை, நடுவில் ஒரு கண்ணாடி. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அது முகம் பார்க்கும் கண்ணாடி. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஜன்னல். நான் இந்தப் பக்கம், இருட்டில். அந்தப் பக்கம் ஒரு தாயும் அவள் குழந்தையும். ஒரு வயதுக் குழந்தைகள், ஒன்றரை வயதுக் குழந்தைகள், எல்லாம் நம் மிளகின் வயதுதான். கதவு தட்டப்பட்டதும் தாய் எழுந்து வெளியே போக வேண்டும். மூன்று நிமிஷம் கழித்துத் திரும்பி வர வேண்டும். என் காதில் பத்து விநாடிக்கு ஒரு 'டிங்' கேட்கும். ஒவ்வொரு டிங்குக்கும், குழந்தை என்ன செய்கிறது என்று ஒரு கட்டத்தில் ஓர் எழுத்து. அழுதால் ஓர் எழுத்து, விளையாடினால் ஓர் எழுத்து, தாயைப் பார்த்தால் ஓர் எழுத்து. நான் பார்க்கத் தவறினால் ஒரு சாய்கோடு. அவ்வளவுதான். இதற்கா எம்.எஸ்ஸி. படித்தாய் என்று கேட்காதீர்கள். இந்த ஒரு வருஷத்தை முடித்தால்தான் முனைவர் பட்டத்துக்கு இடம் என்று உங்களுக்கே தெரியும். நீங்கள்தானே போ போ என்று தள்ளினீர்கள்.

நேற்று ஒரு தாய் கண்ணாடி அருகில் வந்து நின்றாள். ஒரு சாண் தூரம். என்னை நேராகப் பார்த்தாள். நான் என்னையறியாமல் சிரித்துவிட்டேன். அவள் தன் பல்லில் ஏதோ ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வாரம் என்னை அவ்வளவு பக்கத்தில் யாரும் பார்க்கவில்லை.

ஓர் உதவி அண்ணி. கோபிக்காதீர்கள். இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். இருபத்தெட்டு நாள், நாளுக்கு இரண்டு கட்டம். சாயங்காலம் என் போட்டோவை மிளகின் முன்னால் காட்டுங்கள். எத்தனை விநாடி பார்க்கிறாள் என்று எண்ணி முதல் கட்டத்தில் எழுதுங்கள். பிறகு வேறொரு பெண்ணின் படத்தைக் காட்டி எண்ணி இரண்டாவதில். என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்க்கிறாள் என்றால் போதும். நான் நவம்பர் வரை தாங்கிவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி மனைவி


பிப்ரவரி 17

படிப்பாளிக்கு,

கடிதம் வந்தது. தாளும் வந்தது. படித்து முடித்ததும் வாய்விட்டே கேட்டேன், "பிள்ளைய வளக்கச் சொல்லி விட்டுட்டுப் போனியா, பரீட்சைக்கு உக்கார வைக்கச் சொல்லி விட்டுட்டுப் போனியா?" என்று. மிளகுதான் பதில் சொன்னாள். "த்தா" என்றாள். கொடு என்று அர்த்தம். உன் தாளைப் பிடுங்கி ஒரு மூலையை மென்றுவிட்டாள். ஈரமாக இருந்தால் அதுதான் காரணம்.

கீழே இன்னும் இரண்டு பல் வந்திருக்கிறது. என் கழுத்திலிருந்து டேப்பை உருவிக்கொண்டு போய் நாற்காலிக் காலை அளக்கிறாள். அளந்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறாள், நான் குறித்துக்கொள்ள வேண்டுமாம். நேற்றுச் சீருடை வாங்க வந்த வாத்தியாரம்மா, "உங்களுக்கு உதவிக்கு ஆள் கெடச்சாச்சு போல" என்றாள். "ஆமா, சம்பளத்துக்குப் பதிலா பொத்தான முழுங்கப் பாக்கிறா" என்றேன். பொத்தான் டப்பாவை மேல் அலமாரிக்கு ஏற்றிவிட்டேன், பயப்படாதே.

போனை நிறுத்தியதிலிருந்து அழுவதில்லை. சமர்த்து. ஒருக்களித்துத் தூங்குவதெல்லாம் போய்விட்டது, இப்போது குப்புறத்தான்.

வேறொரு பெண்ணின் படத்துக்கு எங்கே போவேன்? சோப்பு அட்டையில் ஒருத்தி பல்லெல்லாம் காட்டிச் சிரிக்கிறாள். அவளைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். நாளையிலிருந்து எண்ணுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி


பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணி,

"அழுவதில்லை. சமர்த்து." இந்த இரண்டு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் திட்டுவீர்கள்.

எங்கள் ஆய்வகத்தில் குழந்தையின் நெஞ்சில் மெத்தென்று ஒரு பட்டை கட்டுவோம். நாடித் துடிப்பு என் பக்கத்துத் திரையில் கோடாக ஓடும். நேற்று வந்தது ஐம்பத்தேழாம் எண். எங்களுக்குக் குழந்தைகளின் பெயர் கிடையாது, எண்தான். தாய் வெளியே போனாள். பையன் அழவில்லை. திரும்பி வந்தாள். பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே இருந்தான். அவளுக்கோ பெருமை. "என் பையன் யார்கிட்ட விட்டாலும் இருந்துப்பான், தொந்தரவே கெடையாது" என்று வெறும் அறையில் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். என் திரையில் அந்தக் கோடு மலை ஏறுகிற மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. கத்திக் கூப்பாடு போடும் குழந்தைகளுக்குக்கூட நான் அவ்வளவு உயரம் பார்த்ததில்லை. அவளிடம் சொல்லக் கூடாது என்பது விதி.

எனக்குக் கண்ணை மறைத்துவிட்டது. ஆறு டிங் போய்விட்டது. ஆறு சாய்கோடு போட்டேன். சாயங்காலம் பேராசிரியை மேடம் தாளைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, வரிசையா ஆறு கோடு?" என்றார்.

"தும்மல் மேடம்."

"ஒரு நிமிஷமா தும்முன?"

அதற்கு மேல் கேட்கவில்லை. பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவதைவிடக் கோடு எவ்வளவோ மேல் என்பது அவர் கட்சி.

அண்ணி, மிளகு நிஜமாகவே அழுவதில்லையா, அல்லது அடுக்கிக்கொண்டிருக்கிறாளா? அவள் தூங்கும்போது நெஞ்சில் கை வைத்துப் பாருங்கள். இந்த மாதிரி வேலை செய்பவளுக்குப் பிள்ளையே இருக்கக் கூடாது. வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று தினம் நினைக்கிறேன்.

உங்கள் தம்பி மனைவி


மார்ச் 8

படிப்பாளிக்கு,

வேலையை விடுகிறேன் என்று இன்னொரு தடவை எழுதினால் கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்து நாலு மாதம் போனேன். அம்மா போய்ச் சேர்ந்ததும், உன் புருஷனுக்கு மூக்கைத் துடைத்துவிட ஆள் இல்லை என்று என்னை நிறுத்திவிட்டார்கள். "ஒரு வருஷம்தானே, அப்புறமா போய்க்கலாம்" என்றார்கள். அந்த ஒரு வருஷம் இன்னும் முடியவில்லை. நான் யார்மேலும் குறை சொல்லவில்லை. உன் தலையில் அதே சுமையை ஏற்ற மாட்டேன் என்றுதான் நானே உன்னை ரயிலேற்றினேன்.

மிளகுக்கு மூன்றாம் தேதியிலிருந்து மூன்று நாள் காய்ச்சல். டாக்டரிடம் காட்டினேன், பல் வருகிற காய்ச்சல்தான் என்றார். மூன்று நாளும் என் தோளைவிட்டு இறங்கவில்லை, கண்ணைத் திறக்கவில்லை. ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையால் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்தேன். இப்போது சரியாகிவிட்டது, நேற்று நாற்காலியை மறுபடி அளந்தாள். முடிந்த பிறகு சொல்கிறேன் என்று கோபிக்காதே. முன்னாலேயே சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். துடிக்கிறது.

அண்ணி


மார்ச் 18

படிப்பாளிக்கு,

நீ கேட்ட தாள். இருபத்தெட்டு நாளும் எழுதியிருக்கிறேன். உன்னைத்தான் அதிகம் பார்க்கிறாள். சோப்புக்காரியைச் சட்டை பண்ணவே இல்லை. இனி நிம்மதியாகத் தூங்கு.

அண்ணி


மார்ச் 25

அண்ணி,

தாள் வந்த அன்று நான் அறையில் தனியாக நின்று சிரித்தேன். ஒன்பது, பதினொன்று, பத்து, பன்னிரண்டு. ஒவ்வொரு எண்ணையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தேன். அவள் கண் என்மேல் பட்ட நேரம் அல்லவா அது. மறுநாள் மதியம் ஆய்வகத்துக்கு எடுத்துப்போனேன். எங்கள் தாள்களைக் கூட்டிக் கழித்துச் சரிபார்க்கும் புள்ளியியல்காரர் ஒருவர் இருக்கிறார். சாப்பாட்டு மேஜையில் என் எதிரில் உட்காருவார். தானாகப் பேச மாட்டார். அவரிடம் பெருமையாக நீட்டினேன்.

ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தார். "ரொம்ப நல்ல குழந்தை போல. நம்மகிட்ட வர்றது ஒண்ணுகூட இப்படி இல்லையே. யார் இதை உக்காந்து எழுதினது?"

"ஏன் சார்?"

"ஒரு கோடுகூட இல்ல பாருங்க. இருபத்தெட்டு நாளும் தூங்கல, முரண்டு பிடிக்கல, ஈ பறந்து அந்தப் பக்கம் திரும்பல. ஒரு எண் பக்கத்துலயே அதே எண் ஒரு தடவைகூட வரல. கற்பனையா எழுதுறவங்க கை அப்படித்தான், சொன்னதையே திரும்பச் சொல்லக் கூச்சப்படும். எந்த எண் குழந்தை இது?"

"என் குழந்தை சார்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். தாளை நாலாக மடித்து, மேஜையைத் துடைத்துவிட்டு, என் பக்கம் தள்ளினார். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

அவர் சொல்லாவிட்டாலும் எனக்கே தெரிந்திருக்கும் அண்ணி. மார்ச் மூன்று, நான்கு, ஐந்து தேதிகளில் பன்னிரண்டு, பதினான்கு, பதின்மூன்று என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று நாளும் அவள் கண்ணையே திறக்கவில்லை என்று நீங்கள் எழுதிய கடிதம் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

நிஜத்தில் என்ன நடந்தது? என் போட்டோவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளா? யாரென்றே தெரியவில்லையா? உங்களை அம்மா என்று கூப்பிடுகிறாளா? போனை நிறுத்தச் சொன்னதும் நீங்கள், வேலையை விடாதே என்று தடுப்பதும் நீங்கள், பொய்த்தாள் எழுதியதும் நீங்கள். நான் வராமலே இருந்துவிட்டால் உங்களுக்கு வசதிதான் போல.

இதை எழுதக் கூடாது. எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தப் போவதில்லை.


ஏப்ரல் 12

படிப்பாளிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகப் பதில் எழுதவில்லை. எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். உன் கடிதத்தை மெஷின் இழுப்பறையில் போட்டு மூடிவிட்டேன். ஊசி எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அது இருந்தது.

நீ கேட்டாய், சொல்கிறேன்.

முதல் நாள் சாயங்காலம் உன் போட்டோவைக் காட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். நாலு சொல்வதற்குள் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். தத்தித் தத்தி வாசல் கதவுக்குப் போனாள். எனக்கு முதுகைக் காட்டி, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். மடியில் போட்டோ. அழவில்லை, கூப்பிடவில்லை. "மிளகு, வாடி செல்லம்" என்றேன். திரும்பவில்லை. ஒரு மணி நேரம் இருக்கும். உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கிப்போனாள். தூக்கிப் படுக்கவைத்தேன். காலையில் எழுந்ததும் நேராக அங்கேதான் போனாள்.

இரண்டாம் நாளும் அப்படியே. போட்டோவைக் கதவுக்கு அடியில் இருக்கும் இடுக்கில் நுழைத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் நான் அதை எடுத்து ஒளித்துவைத்துவிட்டேன். அப்புறம் காட்டவே இல்லை. போட்டோ இல்லாமலும் கதவுக்குப் போய் உட்காருவது மட்டும் நிற்கவில்லை.

உன் தாளை எடுத்துவைத்துக்கொண்டு யோசித்தேன். பார்த்தால் எண் எழுதச் சொல்லியிருக்கிறாய். கதவுக்கு நீ கட்டம் போடவில்லை. நான் எங்கே எழுதுவது? இதை எழுதினால் அன்றைக்கே ரயிலேறிவிடுவாய். எழுதாமல் கோடு போட்டால் அந்தக் கோட்டைப் பார்த்துச் சாவாய். அதனால் சீருடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து இருபத்தெட்டையும் ஒரே மூச்சில் எழுதினேன். கட்டத்தை வெறுமையாக விட எனக்குக் கை வராது. கழுத்து, தோள், கை, நீளம், ஒரு அளவு விட்டுப்போனால் துணியே வீண் என்று முப்பது வருஷமாகப் பழகிய கை. உன் ஆய்வகத்தில் அதையே வைத்து என்னைப் பிடிப்பார்கள் என்று எனக்கு என்ன தெரியும்?

இப்போது கதவுக்குப் போவதில்லை. மார்ச் கடைசியில் நின்றுவிட்டது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. நீ எழுதிய அந்த வளையம் அடுக்குகிற பையன் ஞாபகம் வந்ததும் அந்த அப்பாடாவும் போய்விட்டது.

இன்னொன்று. போன செவ்வாய்க்கிழமை நூல்கண்டு மெஷினுக்கு அடியில் உருண்டுபோய்விட்டது. எடுத்துக் கொடு என்று என் காலைத் தட்டி, "ம்மா" என்றாள். நான் "என்னடி?" என்றேன். அத்தை என்று சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை, எனக்கு மட்டும்தான் கேட்டது. அன்றைக்குத் தைத்த சட்டையில் இரண்டு கையும் இடது கை. மறுநாள் முழுக்கப் பிரித்தேன்.

வசதிதான் போல என்று எழுதினாயே, அது முழுப் பொய்யாக இருந்திருந்தால் உன்னை நாலு வார்த்தை திட்டி அன்றைக்கே பதில் போட்டிருப்பேன்.

வந்து கூட்டிக்கொண்டு போ. அவள் துணிகளை மடித்து வைத்துவிட்டேன்.

அண்ணி


ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணி,

மறுபடி நடுநிசிதான், மறுபடி மன்னிப்புதான். இந்தத் தடவை மன்னிப்பு நேரத்துக்கு இல்லை. மார்ச்சில் எழுதிய அந்த 'வசதி' வரிக்கு.

உங்கள் கடிதத்தை ஆய்வகத்து மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். அப்புறம் எழுந்து மேடத்தின் அறைக்குப் போனேன். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். நான் தாள் அனுப்பியது, நீங்கள் எழுதியது, கதவு. மேடம் என்னை உட்காரச் சொன்னார். பிறகு, "உன் பிள்ளைக்கு நீ ஆய்வாளர் இல்லம்மா. நீ அந்த அறைக்குள்ள இருக்கிறவ" என்றார். காலையில் கண்ணாடிக்குப் பின்னால் நாலு மணி நேரம் மட்டும் உட்கார்ந்தால் போதும், மதியம் படப்பதிவுகளை வீட்டிலேயே பார்த்துக் குறிக்கலாம் என்றார். நவம்பர் வரை இடமும் போகாது. இதை நான் ஜனவரியிலேயே கேட்டிருக்கலாம். கேட்டால் போகச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

உடனே பெட்டியை எடுத்து வைத்துவிட்டேன். சனிக்கிழமை காலை வந்து, மிளகைத் தூக்கிக்கொண்டு, சாயங்கால ரயிலிலேயே திரும்பிவிடுவது என்று திட்டம். பெட்டியை மூடும்போது கை நின்றுவிட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு வந்தால் இங்கேயும் ஒரு கதவு இருக்கிறது. இரண்டாவது தடவை அவள் அதற்கு எதிரில் போய் உட்காருவாள், இந்தத் தடவை உங்களுக்காக. அங்கே நீங்கள் மடித்து வைத்த துணி இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்கு யார் கட்டம் போட்டு எண்ணப்போகிறார்கள்?

அதனால் கேட்கிறேன். நீங்களும் வாருங்கள் அண்ணி. விருந்தாளியாக இல்லை, நவம்பர் வரை. நான் குடியிருக்கும் வீட்டிலேயே கீழ்த்தளத்தில் இரண்டு அறை காலியாகிறது. முன்னறையில் வெளிச்சம் இருக்கிறது, ஜன்னலை ஒட்டி மெஷின் போட இடம் இருக்கிறது. சாணால் அளந்தேன், எட்டுச் சாண். போதுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இந்தத் தெருவில் தையல்காரர் யாரும் இல்லை. ஆய்வகத்தில் எல்லோருடைய வெள்ளை அங்கியும் தோளில் தொங்குகிறது, நீங்கள் பார்த்தால் சகிக்கமாட்டீர்கள். நான் காலையில் போகும்போது அவள் உங்களிடம் இருப்பாள். மதியம் வந்துவிடுவேன். தினமும் போவேன், தினமும் வருவேன். அதை அவள் எண்ணிக்கொள்ளட்டும்.

அந்த வார்த்தையைத் திருத்த வேண்டாம். இரண்டு பேரையும் அப்படியே கூப்பிடட்டும். எனக்கு வலிக்கிறது, இல்லை என்று எழுத மாட்டேன். ஆனால் "ம்மா" என்று கூப்பிட்ட வீட்டில் பதில் சொல்ல ஆள் இருந்ததே என்று இன்று சாயங்காலம் நடந்து வரும்போது நினைத்தேன். என் அறையில் நான் கூப்பிட்டால் சுவர்தான்.

நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் மே முதல் சனிக்கிழமை நான் அங்கே வருகிறேன். அதற்குத்தான் பயமாக இருக்கிறது. இதுவரை எண்பத்தாறு தாய்மார் திரும்பி உள்ளே வருவதைப் பார்த்திருக்கிறேன். ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்ட குழந்தை, அடித்த குழந்தை, திரும்பாத குழந்தை, எல்லாவற்றுக்கும் என்னிடம் எழுத்து இருக்கிறது. உள்ளே நுழைகிற தாய் கையை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் நான் ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை. அவள் என்னைப் பார்க்காமல் உங்கள் பின்னால் ஒளிந்துகொண்டால், நீங்கள் அவளை என்னிடம் தள்ளிவிடாதீர்கள். நான் தரையில் உட்கார்ந்துகொள்கிறேன். எவ்வளவு நேரமானாலும் சரி, எண்ண மாட்டேன்.

வீட்டுச் சொந்தக்காரருக்கு மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். வருவீர்களா, மாட்டீர்களா? ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உங்கள் தம்பி மனைவி